மயில் மேல் இருந்தபடியே மறைந்த எங்கள் சிவகாசித் தாஸ்!

(இரண்டாமாண்டு, மின்னியல் துறை, விஸ்வநத்தம்)



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு யூனியன்காரர்கள் நோட்டீஸ் போர்டில் ஒட்டியதுமே எங்கள் வகுப்பில் முக்கால்வாசிப் பேர் ஒரே தலைப்பில் போய் நின்றார்கள். வீடியோ பாட்டு! ஒருத்தன் கொலவெறிப் பாட்டைப் பிடித்துக்கொண்டான். 2011 நவம்பரில் தனுஷ் ஸ்டூடியோவில் பாடியதை அப்படியே படம் பிடித்து யூடியூபில் போட்டார்கள். '3' படம் வெளிவர நாலு மாதம் இருக்கும்போதே உலகமே அதை முணுமுணுத்ததாம். எனக்கு அப்போது நாலு வயசு. இன்னொருத்தி 2021-ல் வந்த எஞ்சாயி எஞ்சாமியை எடுத்துக்கொண்டாள். தீயும் அறிவும் பாடியது, சந்தோஷ் நாராயணன் தயாரித்தது. அதில் அறிவு தன் பாட்டியையே கொண்டுவந்து அரியணை போல ஒன்றில் உட்கார வைத்திருப்பார். அதை இருபது தடவையாவது பார்த்திருப்பேன்.

நானும் அதே தலைப்பில்தான் எழுதப் போகிறேன் நண்பர்களே. ஒரு பாட்டு எப்படி உருவாகிறது, எப்படி ஊர் ஊராகப் பரவுகிறது, பரவிய பிறகு பாடினவனுக்கு என்ன ஆகிறது என்பதுதான் என் விஷயம். ஆனால் என் ஹீரோவின் பாட்டைப் பரப்பியது காமிரா அல்ல, செல்போனும் அல்ல. அவர் பாடிய மேடைகள் பலவற்றில் மைக்கூட கிடையாது. மேலே தொங்கிய கேஸ் லைட் வெளிச்சத்தில் முருகன் வேஷம் கட்டிக்கொண்டு நின்று பாடினார். நம்ம சிவகாசியில் பிறந்தவர். பெயர் தியாகி விஸ்வநாததாஸ்.

சின்ன வயசில் நான் விஸ்வநத்தம் என்பதும் விஸ்வநாததாஸ் என்பதும் ஒன்றுதான், அவர் எங்க ஊர்க்காரர்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பெயர் அப்படி ஒட்டிக்கொண்டு வருகிறது. அவர் பிறந்தது சிவகாசியில், 1886 ஜூன் 16-ம் தேதி. அப்பா சுப்பிரமணியம், அம்மா ஞானாம்பாள். அன்றைக்குச் சிவகாசி திருநெல்வேலி ஜில்லாவில் இருந்தது. 1910-ல் ராமநாதபுரம் ஜில்லா உண்டானபோதுதான் அந்தப் பக்கம் போனது. இன்றைக்கு நாம் பார்க்கிற பட்டாசு, தீப்பெட்டி, அச்சாபீஸ் எதுவும் அப்போது கிடையாது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தது 1920-களில்தான். தாஸ் பிறந்த காலத்துச் சிவகாசி வானம் பார்த்த பூமி. 1899 ஜூனில் சாதிக் கலவரத்தில் ஊரே தீப்பற்றி எரிந்தபோது அவருக்குப் பதின்மூன்று வயசு நிரம்பப் பத்து நாள் பாக்கி.

அவர் பிறந்த குடும்பம் மருத்துவர் குடும்பம். புரியாதவர்களுக்காக விளக்கமாகவே சொல்லிவிடுகிறேன். முடி திருத்துகிற குடும்பம். நம்ம பக்கத்தில் இந்தக் குடும்பங்களுக்கு மூன்று வேலை உண்டு. ஆண்கள் முடி வெட்டுவார்கள், கட்டி புண்ணுக்கு வைத்தியம் பார்ப்பார்கள். பெண்கள் பிரசவம் பார்ப்பார்கள். கல்யாணம், கோயில் கொடை என்றால் நாகசுரமும் தவிலும் எடுத்துக்கொண்டு போவார்கள். ஊரில் ஒரு குழந்தை பிறப்பதில் ஆரம்பித்து ஒருவர் கடைசியாகக் கிளம்புகிறவரைக்கும் இவர்கள் இல்லாமல் எந்தக் காரியமும் நடக்காது. ஆனாலும் வாசலுக்கு வெளியேதான் நிற்க வேண்டும்! எங்க அப்பா விஸ்வநத்தத்தில் சலூன் கடை வைத்திருக்கிறார். எங்க தாத்தா நாகசுரம் வாசித்தார். அப்பத்தா கையில் பிறந்தவர்கள் எங்க ஊரில் பாதிப் பேர். எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டியது நான்தான் முதல் ஆள். கடையில் கண்ணாடிக்கு மேலே, சாமி படங்களுக்குப் பக்கத்தில், தலைப்பாகை இல்லாமல் ஒரு மனிதர் படம் மாட்டியிருக்கும். அவர் யாரென்று கேட்டுத்தான் இந்தக் கதை எனக்கு வந்தது.

சங்கீதம் அவருக்கு வீட்டிலேயே காற்றில் இருந்திருக்க வேண்டும். சின்ன வயசிலேயே நாடகத்துக்குப் போய்விட்டார். அந்தக் காலத்து நாடகம் என்றால் இப்போது ஆண்டு விழாவில் நாம் போடுகிற அரை மணி நேர காமெடி இல்லை. ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பித்தால் கோழி கூவும்போதுதான் முடியும். வசனத்தைவிடப் பாட்டுதான் அதிகம். ஆர்மோனியம், மிருதங்கம், டோலக். கடைசி வரிசையில் பாயில் உட்கார்ந்திருக்கிற கிழவிக்கும் கேட்கும்படி பாட வேண்டும். அதனால் நாலரைக் கட்டை, ஐந்து கட்டை என்று தொண்டையை உயர்த்திப் பாடுகிறவர்களுக்குத்தான் மவுசு. செங்கோட்டைக் கிட்டப்பா, கொடுமுடி கே.பி. சுந்தராம்பாள் இவர்களெல்லாம் அப்படிப் பாடித்தான் பேர் வாங்கினார்கள்.

இந்த நாடகங்களுக்கெல்லாம் தகப்பன் மாதிரி இருந்தவர் சங்கரதாஸ் சுவாமிகள். 1867-ல் தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்து 1922-ல் மறைந்தவர். அவர் எழுதிய வள்ளி திருமணம், கோவலன், பவளக்கொடி எல்லாம் ஊர் ஊராக நடந்தன. இதில் ஸ்பெஷல் நாடகம் என்று ஒரு முறை உண்டு. கம்பெனி, ஒத்திகை ஒன்றும் கிடையாது. முருகனுக்கு ஓர் ஊரிலிருந்து ஒருவர், வள்ளிக்கு இன்னோர் ஊரிலிருந்து ஒருவர், நாரதருக்கு வேறொருவர் என்று காண்டிராக்டர் தனித்தனியாகப் பேசி வரவழைப்பார். அன்று ராத்திரி மேடையில்தான் சந்திப்பார்கள். எல்லோருக்கும் சுவாமிகள் பாட்டு மனப்பாடம் என்பதால் கதை தன்னால் ஓடும். நடுவில் யார் எந்தப் பாட்டைச் சேர்த்தாலும் எதிராளி அதைப் பிடித்துக்கொண்டு பதில் சொல்லிவிடுவார். இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நம்ம ஹீரோவின் கதையே இந்தச் சந்தில்தான் இருக்கிறது.

1919 ஏப்ரல் 13. பஞ்சாபில் ஜாலியன்வாலா பாக்கில் கூடியிருந்த ஜனங்களை டயர் சுட்டுத் தள்ளினான். அந்தச் செய்தி தமிழ்நாட்டுக் கிராமங்களுக்கு எப்படி வந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பத்திரிகை வாங்க காசு இல்லை. வாங்கினாலும் படிக்கத் தெரியாது. ரேடியோ இல்லை. அப்போதுதான் மதுரகவி பாஸ்கரதாஸ் என்கிற பாட்டுக்காரர் அந்தப் படுகொலையைப் பற்றி ஒரு பாட்டுக் கட்டினார். இவர் 1892-ல் பிறந்தவர், இயற்பெயர் வெள்ளைச்சாமி. விஸ்வநாததாஸ் அதை மேடையில் பாடினார். எந்த நாடகம் என்ற கணக்கெல்லாம் இல்லை. புராணக் கதை பாட்டுக்கு நடந்துகொண்டிருக்கும், நடுவில் பஞ்சாப் வந்துவிடும். கேட்ட ஜனங்கள் அழுதார்கள். அமிர்தசரஸ் எந்தத் திசையில் இருக்கிறது என்றே தெரியாத சம்சாரிகள்!

காந்தியின் ஒத்துழையாமை இயக்கம் வந்ததும் தாஸ் முழுசாகக் காங்கிரஸ்காரர் ஆகிவிட்டார். கதர் தவிர வேறு துணி உடுத்தவில்லை. வீட்டில் மட்டுமா? மேடையிலும்தான். முருகன் என்றால் பட்டும் ஜரிகையுமாக மின்ன வேண்டும் என்று ஜனங்கள் எதிர்பார்க்கிற காலத்தில், இவருடைய முருகன் கதர் முருகன். முருகனே கதர் கட்டினால் கும்பிட வந்தவன் சீமைத் துணி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியுமா? ஒரு வார்த்தை பேசாமலே பாதிப் பிரச்சாரம் முடிந்துவிடும். இன்றைக்கு வீடியோ பாட்டில் காஸ்ட்யூம் டிசைனர் செய்கிற வேலையை இவர் அன்றே செய்துவிட்டார் என்று எனக்குத் தோன்றும்.

இப்போது அந்த ஹிட் பாட்டுக்கு வருகிறேன்.

வள்ளி திருமணம் கதை உங்களுக்குத் தெரியும். நம்பிராஜன் மகள் வள்ளி தோழிகளோடு தினைப்புனம் காக்கிறாள். பரண் மேல் நின்று கவண் சுற்றி ஆலோலம் பாடிக் குருவிகளை விரட்டுகிறாள். நாரதர் போய் முருகனிடம் மூட்டிவிட, முருகன் வேடன் வேஷத்தில் வந்து அவளோடு தர்க்கம் செய்கிறார். இந்தத் தினைப்புனக் கட்டம்தான் நாடகத்தின் உயிர். அதில் பறவை விரட்டுகிற பாட்டு வருவது இயற்கை. கிளி, மைனா, புறா எல்லாம் வரும். பாஸ்கரதாஸ் அந்தப் பறவைக் கூட்டத்தோடு ஒரு வெள்ளைக் கொக்கைச் சேர்த்து ஒரு பாட்டு எழுதினார். எங்கிருந்தோ பறந்து வந்து நம் நிலத்தில் இரை பொறுக்கித் தின்று கொழுக்கிற கொக்கு. கேட்கிற ஒவ்வொருவருக்கும் அது யாரென்று தெரியும். வெள்ளை நிறம் ஒன்று போதாதா!

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. நேரடியாக வெள்ளைக்காரனே வெளியேறு என்று பாடியிருந்தால் அது ஒரு கோஷம். போலீஸ்காரர் எழுதிக்கொண்டு போவார், மறுநாள் கேஸ். கொக்குப் பாட்டில் எந்த வரியை எடுத்தாலும் அது பறவையைப் பற்றித்தான் இருக்கும். தினைப்புனத்தில் கொக்கை விரட்டக் கூடாது என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது? அர்த்தம் பாட்டில் இல்லை, கேட்கிறவன் மனசில் இருக்கிறது. மனசைக் கைது பண்ண முடியுமா? ஜனங்களுக்கும் அதில் ஒரு குஷி. எல்லோருக்கும் தெரிந்த ரகசியத்தை எல்லோரும் சேர்ந்து போலீஸ்காரர் முன்னாலேயே பாடுகிற குஷி. பாட்டின் மெட்டும் சிறுபிள்ளைகள் வாயில் ஒட்டிக்கொள்கிற மாதிரி எளிசானது. அதனால் நாடகம் முடிந்து காலையில் வண்டி கட்டிக்கொண்டு ஊருக்குப் போகிறவர்கள் வழியெல்லாம் பாடிக்கொண்டு போனார்கள். அந்தக் காலத்தில் நாடகப் பாட்டுகளைச் சின்னப் புத்தகமாக அச்சடித்து அணாக் கணக்கில் சந்தையிலும் திருவிழாவிலும் விற்பார்கள். எழுத்துத் தெரிந்த ஒருத்தன் வாங்கினால் தெருவுக்கே போதும். பார்வர்டு பண்ணுவது என்று நாம் சொல்கிறோமே, அது அப்போது கால்நடையாக நடந்தது.

போலீஸ் சும்மா இருக்குமா? அவர்களிடம் ஒரு பழைய சட்டம் இருந்தது. 1876-ல் போட்ட நாடக நிகழ்ச்சிகள் சட்டம். வங்காளத்தில் நாடகக்காரர்கள் வெள்ளைக்காரர்களைக் கிண்டல் செய்து நாடகம் போட்டதால் வந்த சட்டம் அது. அரசாங்கம் வேண்டாம் என்று நினைக்கிற நாடகத்தை அதை வைத்துத் தடுக்கலாம். ஆனால் வள்ளி திருமணத்தைத் தடை பண்ண முடியுமா? சாமி கதை! நாடகத்தை விட்டுவிட்டு நடிகரைப் பிடித்தார்கள். தாஸ் பாடக் கூடாது என்று உத்தரவு போடுவார்கள். அவர் பாடுவார். மேடையிலிருந்து இறக்கிக் கொண்டுபோவார்கள். தண்டனை முடிந்து வெளியே வருவார். அடுத்த ஊரில் அதே கொக்கு மறுபடியும் பறக்கும். எத்தனை தடவை சிறைக்குப் போனார் என்பதற்கு ஆளுக்கொரு எண் சொல்கிறார்கள். நான் எண்ணிக்கைக்குள் போகவில்லை. ஒன்றிரண்டு தடவை அல்ல என்பது மட்டும் நிச்சயம். ஒரு வழக்கில் வ.உ.சிதம்பரனாரே அவருக்காக வாதாடினார் என்றும் சொல்வார்கள். செக்கிழுத்தவர் கொக்கு விரட்டியவருக்கு வக்கீல்!

இந்த இடத்தில் எங்கள் கதையையும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. எங்க அம்மா வெடி ஆபீஸில் சரவெடி பின்னுகிறார். எங்கள் பக்கம் விபத்து என்றால் என்ன என்று யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டாம். 2012 செப்டம்பர் 5-ம் தேதி முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் போனபோது எனக்கு ஐந்து வயசு. அந்தப் புகை இன்னும் ஞாபகம் இருக்கிறது. போன வருஷம் நாங்கள் நாலு சிநேகிதர்கள் சேர்ந்து விபத்தில் போனவர்களைப் பற்றி ஒரு பாட்டுக் கட்டி, செல்போனில் படம் எடுத்துப் போட்டோம். நான் கீபோர்டு. எந்த ஆபீஸ் பெயரும், எந்த ஆள் பெயரும் அதில் இல்லை. மருந்து அளவு, அறைக்கு எத்தனை பேர், கோடை வெயிலில் எத்தனை மணி வரை வேலை என்று அதைத்தான் பாட்டாக்கியிருந்தோம். ஊர் வாட்ஸ்அப் குரூப்புகளில் நன்றாகவே சுற்றியது. பத்து நாள் கழித்து அம்மாவுக்கு வேலை இல்லை என்று கணக்குப்பிள்ளை சொல்லிவிட்டார். காரணம் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டியதில்லை. அம்மா இப்போது வேறோர் இடத்துக்குப் போகிறார், இரண்டு பஸ் மாறி. பாட்டை எடுத்துவிடலாமா வேண்டாமா என்று நாங்கள் நாலு பேரும் இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அப்பாதான் ஒருநாள் கடையைச் சாத்தும்போது அந்தப் படத்தைக் காட்டி, இவருக்கும் பெண்டாட்டி பிள்ளை இருந்தது என்று மட்டும் சொன்னார். அது எடுக்கச் சொன்னதா, வேண்டாம் என்று சொன்னதா என்று எனக்குப் புரியவில்லை.

அதற்குப் பிறகுதான் நான் தாஸின் பாட்டை விட்டுவிட்டு, பாட்டுக்கு அவர் கொடுத்த விலையைப் பற்றித் தேட ஆரம்பித்தேன்.

ஸ்பெஷல் நாடக நடிகருக்கு மாதச் சம்பளம் கிடையாது. நாடகம் இருந்தால் காசு, இல்லாவிட்டால் இல்லை. ஜெயிலில் இருக்கும் மாதங்களில் ஒரு பைசா வராது. வெளியே வந்தாலும் அவரை வைத்து நாடகம் போடுகிற காண்டிராக்டருக்கு ஒரு பயம். பாதி ராத்திரியில் முருகனைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போய்விட்டால் டிக்கெட் காசை யார் திருப்பித் தருவது? அதே காண்டிராக்டருக்கு இன்னொரு ஆசையும் உண்டு. தாஸ் பெயர் நோட்டீஸில் இருந்தால் கூட்டம் கொட்டும். இந்தப் பயத்துக்கும் ஆசைக்கும் நடுவில்தான் அவர் பிழைப்பு ஓடியது. சம்பாதிக்கும்போது நன்றாகச் சம்பாதித்தவர்தான். சிவகாசியை விட்டுத் திருமங்கலத்தில் வீடு எடுத்துத் தங்கியவர். கடைசியில் கடனில் மூழ்கினார். அரசாங்கத்துக்குச் சாதகமாகப் பாடினால் கடனை அடைத்துத் தருவதாக ஆசை காட்டினார்கள் என்றும், அவர் மாட்டேன் என்று சொல்லிவிட்டார் என்றும் வழிவழியாகச் சொல்கிறார்கள்.

போலீஸ் கொடுத்த தொல்லை ஒரு பக்கம். நம்ம ஜனங்களே கொடுத்த தொல்லை இன்னொரு பக்கம். இதை எழுதாமல் விட்டால் அவர் வாழ்க்கை பாதிதான் எழுதியதாகும்.

முருகன் வேஷம் கட்டி மேடைக்கு வந்தால் முன்வரிசையில் சூடம் கொளுத்திக் கும்பிடுவார்கள். வேஷம் கலைத்த பிறகு அதே மனிதர் வாசலுக்கு வெளியே நிற்க வேண்டியவர். நடிகைகள் பலர் அவருக்கு ஜோடியாக வள்ளி வேஷம் கட்ட மாட்டோம் என்றார்கள். நாவிதர் குடும்பத்தில் பிறந்தவர் முருகனாக நின்றால் நாங்கள் மாலை மாற்றுவதா என்பதுதான் காரணம். முருகனே குறமகளைத் தேடிக் காட்டுக்குப் போகிற கதையில் நடித்துக்கொண்டு இப்படிக் கேட்டிருக்கிறார்கள்! அந்தச் சமயத்தில் நான் நடிக்கிறேன் என்று முன்வந்தவர்களில் ஒருவர் கே.பி. ஜானகி அம்மாள். அவரும் நாடகத்தில் பாடிப் பேர் வாங்கியவர், தேச விடுதலைக்காகச் சிறைக்குப் போனவர். பிற்பாடு மதுரையில் கம்யூனிஸ்ட் தலைவராகி 1967-ல் சட்டமன்ற உறுப்பினரும் ஆனார். 1992-ல் மறைந்தார். தாஸோடு ஜோடி சேர்ந்து நடித்ததை நினைத்தால் எனக்கு அந்த அம்மாள் மீது தனி மரியாதை வருகிறது. சட்டம் போட்டு யாரும் அவரை நடிக்க வைக்கவில்லை.

எனக்கும் இதில் கொஞ்சம் அனுபவம் உண்டு. பெரிதாக எழுத விரும்பவில்லை. சாப்பிடும் இடத்தில் அப்பா என்ன வேலை என்று கேட்டுவிட்டு, பதில் வந்ததும் பேச்சை மாற்றுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். கத்திரி பிடிப்பது போல விரலைக் காட்டிச் சிரிப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். இந்த மலரை அவர்களும் படிப்பார்கள். படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

தாஸ் பாடிய வழியில் எத்தனை பேர் வந்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். தமிழின் முதல் பேசும்படம் காளிதாஸ் 1931 அக்டோபரில் வெளிவந்தது. கதை வடநாட்டு மகாகவியைப் பற்றியது. அதில் டி.பி. ராஜலட்சுமி காந்தியின் ராட்டினத்தைப் பற்றிப் பாடுவார். காளிதாசன் காலத்தில் காந்தி ஏது, ராட்டினம் ஏது? பாட்டு எழுதியவர் யாரென்று பார்த்தால் அதே பாஸ்கரதாஸ். கதைக்குச் சம்பந்தம் இல்லாத இடத்தில் தேசப் பாட்டைச் சொருகுகிற வித்தை நாடக மேடையிலிருந்து நேராகச் சினிமாவுக்குப் போய்விட்டது. ஜனங்களும் ஏன் சம்பந்தமில்லாமல் வருகிறது என்று கேட்கவில்லை, பழகியிருந்தது. நாடகக்காரர்களைக் கூத்தாடிகள் என்று படித்தவர்கள் ஒதுக்கியபோது, காங்கிரஸில் தீரர் சத்தியமூர்த்திதான் அவர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். சுந்தராம்பாள் காங்கிரஸ் மேடைகளில் பாடினார். பிற்காலத்தில் தமிழ்நாட்டு அரசியலில் சினிமாவும் பாட்டும் எவ்வளவு பெரிய சக்தியாக ஆனது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். அந்த ஆறு புறப்பட்ட ஊற்றுகளில் ஒன்று இந்தக் கொக்குப் பாட்டு.

நம் காலத்திலும் அப்படி ஒன்று நடந்தது. 2015-ல் சோஃபியா அஷ்ரஃப் என்ற சென்னைப் பெண் கொடைக்கானலில் தெர்மாமீட்டர் தொழிற்சாலையிலிருந்து வந்த பாதரசக் கழிவைப் பற்றி ஒரு ராப் பாட்டு வீடியோ போட்டார். அமெரிக்கப் பாட்டு ஒன்றின் மெட்டை எடுத்துக்கொண்டு வார்த்தையை மாற்றிப் பாடியது அது. உலகம் பூராவும் பார்த்தது. தொழிலாளர்கள் அதற்கு முன்பே பல வருஷமாகப் போராடிக்கொண்டிருந்தார்கள். 2016 மார்ச்சில் பழைய தொழிலாளர்கள் 591 பேரோடு கம்பெனி ஒப்பந்தத்துக்கு வந்தது. பாட்டு மட்டும் அதைச் செய்துவிடவில்லை. ஆனால் பாட்டு வந்த பிறகு காது கேட்காத மாதிரி இருக்க முடியவில்லை. தெரிந்த மெட்டு, உள்ளே வேறு சரக்கு. தாஸ் செய்த அதே வேலைதான்!

1940-க்கு வருவோம். இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருக்கிறது. ராஜாஜி மந்திரிசபை முந்தின வருஷமே ராஜினாமா செய்துவிட்டது. அக்டோபரில் காந்தி தனிநபர் சத்தியாக்கிரகத்தை ஆரம்பித்து, காங்கிரஸ்காரர்கள் வரிசையாக உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். தாஸுக்கு வயசு ஐம்பத்து நாலு. ஜெயிலும் ராத்திரி விழிப்பும் கடனும் சேர்ந்து உடம்பைத் தின்றுவிட்டிருந்தன. அந்த நிலையில்தான் சென்னை ராயல் தியேட்டரில் வள்ளி திருமணம் நாடகத்துக்கு வந்தார். டிசம்பர் 31, வருஷத்தின் கடைசி ராத்திரி. முருகன் வேஷத்தில் மயில் வாகனத்தின் மேல் உட்கார்ந்து பாட ஆரம்பித்தவர், பாடிக்கொண்டிருக்கும்போதே சாய்ந்தார். முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் நடிப்பென்று நினைத்திருக்கலாம். உயிர் போய்விட்டிருந்தது.

சுதந்திரம் வர இன்னும் ஆறரை வருஷம் இருந்தது. கொக்கு பறந்து போனதை அவர் பார்க்கவில்லை. பாட்டு எழுதிய பாஸ்கரதாஸ் பார்த்தார், 1952 வரை இருந்தார்.

திருமங்கலத்தில் தாஸ் வாழ்ந்த வீட்டை அரசு நினைவு இல்லமாக வைத்திருக்கிறது. விருதுநகர் வழியாக மதுரைக்குப் போகிற பஸ்ஸில் ஏறினால் வழியில்தான் திருமங்கலம். செமஸ்டர் லீவில் நானும் அப்பாவும் போய் வந்தோம். அப்பா ஞாயிற்றுக்கிழமை கடையைச் சாத்தி நான் பார்த்ததில்லை, ஞாயிறுதான் கூட்டம். அன்றைக்குச் சாத்தினார். அங்கே ரொம்ப நேரம் ஒன்றும் பேசாமல் நின்றார். திரும்பி வரும்போது பஸ்ஸில், தாத்தா நாகசுரத்தில் அந்தக் கொக்குப் பாட்டு மெட்டை வாசிப்பார் என்றும், எந்தக் கல்யாணத்திலும் கேட்டு வாங்கிக்கொள்கிற ஆள் ஒருத்தராவது இருப்பார் என்றும் சொன்னார். எனக்கு அது தெரியாது. நாகசுரம் எங்கே என்று கேட்டேன். பரண் மேல் இருக்கிறதாம், சீவாளிதான் புதுசாக வாங்க வேண்டும்.